தொட்டியில் விழுந்த தாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
17-1-2025

அத்தானுக்கு,

நலம் விசாரித்து எழுதவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

நான் அண்ணன் வீட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனை தடவை போன் போட்டும் எடுக்கவில்லை என்று அவரிடம் குறைப்பட்டீர்களாம். எடுக்க மாட்டேன். எடுத்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். சிரித்து முடித்ததும் எதற்குக் கோபப்பட்டேன் என்பது எனக்கே மறந்துபோகும். இருபத்து மூன்று வருசம் அப்படித்தான் ஓடிப்போயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். நம் வீட்டு முகவரிக்குப் போட்டால் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள், மாடிவீட்டு ஆடு தின்றுவிடும். கம்பெனி முகவரிக்கே போடுகிறேன்.

டிசம்பர் கடைசி ஞாயிறு உங்கள் பேண்டேஜ் கம்பெனிக்காரர்களோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். செருப்பைப் பாறையில் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். என் இடது செருப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். போலியோ வந்து குட்டையான காலுக்கு அடியில் இரண்டு அங்குலம் வைத்துத் தைத்தது. அது இல்லாமல் வீட்டுக்குள்ளேகூட நான் சுவரைப் பிடித்துத்தான் நடப்பேன்.

ராக்கப்பன் அதைத்தான் எடுத்தார். "ஏலே, இது செருப்பா செங்கலா? எம்புட்டு கனம்!" என்று சிவபாண்டியிடம் எறிந்தார். சிவபாண்டி இன்னொருத்தனிடம் எறிந்தான். "மதினி, இந்தா பிடிங்க" என்று நீட்டுவதும் நான் எட்டும்போது அடுத்தவனுக்கு வீசுவதுமாக இருந்தார்கள். நான் ஒரு காலில் பாறைக்குப் பாறை நொண்டினேன். கடைசியில் அது தண்ணீரில் விழுந்து போய்விட்டது. வண்டி நின்ற இடம்வரை வெறுங்காலில், லீவுக்கு ஊருக்கு வந்து நம்மோடு வந்திருந்த அன்னாள் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

நீங்கள் அங்கேதான் நின்றீர்கள். "எங்க வீட்ல ஒன்றரைக் கால் ஓட்டப்பந்தயம்லா நடக்கு" என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அன்றைக்கு ஏன் சிரித்தீர்கள்?

அன்னாள் அக்கா கோயம்புத்தூரில் பெண்கள் விடுதியில் சமைக்கிறாள். கூட ஒரு ஆள் வேண்டுமாம், அங்கேயே தங்கிக்கொள்ளலாமாம். உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள், நான் வீட்டுக்கு வருகிறேன். பதில் இல்லையென்றால் 'சரி' என்று மட்டும் எழுதிப் போடுங்கள். நான் கோயம்புத்தூருக்குப் போய்க்கொள்கிறேன்.

இந்த இரண்டாவது தாளில் வீட்டு விஷயம். மோர்மிளகாய் ஜாடி பரணில் இருக்கிறது. இறக்கி வெயில் காட்டுங்கள், பூசணம் பிடித்துவிடும். சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், நினைப்பு வந்தபோது இல்லை.

செல்வலட்சுமி


ராஜபாளையம்
20-1-2025

அன்புள்ள லெட்சுமிக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. நீ எனக்கு எழுதிய முதல் கடிதம். கல்யாணத்துக்கு முன்னால் நான் உனக்கு ஒன்று எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் அண்ணன் அதைப் படித்து, சிவப்பு மையில் பிழைதிருத்தி, எனக்கே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் கடிதம் எழுதுகிற வழக்கமே இல்லாமல் போயிற்று.

இங்கே எல்லாம் கிரமமாக நடக்கிறது. பொங்கலன்று நானே பொங்கல் வைத்தேன். பானையில் வைக்கத் தைரியம் இல்லாமல் குக்கரில் வைத்தேன். குலவை போட ஆளில்லை. குக்கர் விசிலையே குலவையாக நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அண்ணே, கருகுதே, அது பொங்கலா பழைய டயரா?" என்றாள். அவளுக்கென்ன, தினமும் பஸ் ஏறி உங்கள் ஊர்ப் பால்கோவாக் கடைக்கு வேலைக்குப் போகிறவள், இனிப்பிலேயே கிடக்கிறாள். நான் கருகச் சமைத்த கதை அதற்குள் உங்கள் ஊர்வரை வந்திருக்கும்.

மாடிவீட்டு ஆடு உன்னைத் தேடுகிறது. நான் தேடுவதாக மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று ஆட்டையும் சேர்த்துக்கொண்டேன்.

நீ சொன்னபடி மோர்மிளகாய் ஜாடியை இறக்கினேன். ஸ்டூல் மேல் ஏறியபோது ஸ்டூல் ஒரு சத்தம் கொடுத்தது; என் வயிற்றைப் பற்றி அதுகூடப் பேச ஆரம்பித்துவிட்டது. மாத்திரையும் போடுகிறேன், சாப்பாட்டுக்கு முன்னால்தான்.

முதல் தாளில் நீ எழுதியிருப்பதற்கெல்லாம் என் பதில்: சரி. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்க மாட்டேன். உன் இஷ்டம் எதுவோ அதுதான் என் இஷ்டம். சரி, சரி, நூறு தடவை சரி.

உன்
காசிராஜன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
23-1-2025

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. குக்கர் குலவையை அண்ணி இரண்டு தடவை படித்துச் சிரித்தாள். நான் அதையெல்லாம் தாண்டிப் பதிலைத் தேடிப் போனேன். ஒரு 'சரி' கேட்டேன். நூறு எழுதிவிட்டீர்கள்.

ஏன் என்ற கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. ஆட்டுக்கு இரண்டு வரி இருக்கிறது.

வருகிறேன் என்று அன்னாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை, 30ஆம் தேதி, காலை ஏழு மணி பஸ். புதுச் செருப்பும் தைத்து வந்துவிட்டது.

இதைப் பாண்டிசெல்வியிடம் கொடுத்து அனுப்புகிறேன், தபாலை நம்பிக் காத்திருக்க நாள் இல்லை. பீரோவில் கீழ்த்தட்டில் என் ஆதார் கார்டும் ஊனமுற்றோர் அட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் இருக்கும். அதையும், பச்சைச் சேலையையும், பருத்திச் சேலைகள் இரண்டையும் அவளிடம் கொடுத்துவிடுங்கள். கல்யாணப் போட்டோ வேண்டாம்.

செல்வலட்சுமி


ராஜபாளையம்
24-1-2025, காலை

லெட்சுமி,

அட்டையைக் கொடுத்து அனுப்பவில்லை. சேலையையும் அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தை மட்டும்தான் பாண்டிசெல்வியிடம் கொடுக்கிறேன். அவள் பிரித்துப் படித்துவிடுவாள் என்று கவரைச் சுற்றி நாலு சுற்று பேண்டேஜ் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன், அடிபட்ட கடிதம்போல இருக்கும். இதுவும் சிரிக்க வைக்கத்தான் எழுதினேன் போலிருக்கிறது. கை தானாகப் போகிறது. அடித்துவிட நினைத்தேன், அப்புறம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், நான் எப்படிப்பட்டவன் என்று நீ பார்.

உன் முதல் தாளை நான் படிக்கவே இல்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வாட்ச்மேன் கவரைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் தூக்குவாளியைத் திறந்து வைத்துவிட்டு, முதலில் கடிதம், பொறவுதான் சோறு என்று கவரைக் கிழித்தேன். ராக்கப்பன் பின்னாலிருந்து உருவிவிட்டான்.

"ஏலே! காசியண்ணனுக்கு லவ் லெட்டர்டோய்!"

இரண்டு தாளும் ஆளுக்கொரு பக்கம் போயிற்று. முதல் தாள் சிவபாண்டி கையில். நான் அவனிடம் போனால் அவன் பொட்டலக் கட்டு மேல் ஏறி நின்றுகொண்டு அடுத்தவனுக்கு எறிகிறான். கசக்கி உருண்டையாக்கிவிட்டார்கள், தாள் பறக்காதாம், உருண்டைதான் பறக்குமாம். ஏழெட்டுப் பேர். இந்தப் பக்கம் ஓடினேன், அந்தப் பக்கம் ஓடினேன். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுவதே அவர்களுக்குப் பாதி வேடிக்கை. ஒருத்தன் கை தவறி அது வெளுப்புத் தொட்டியில் விழுந்தது. துணியை வெள்ளையாக்குகிற மருந்துத் தண்ணீர். கொக்கி போட்ட கம்பை எடுத்துத் துழாவி வெளியே எடுக்கும்போது தாள் இருந்தது, எழுத்து இல்லை. பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உன் பேனா அழுந்திய தடம் மட்டும் அங்கங்கே தெரிந்தது. தடவிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

இரண்டாவது தாளை ராக்கப்பன் பெண் குரலில் வாசித்தான். "மோர்மிளகாய் ஜாடி பரணில் இருக்கிறது அத்தான்..." நீ அத்தான் என்று அதில் எழுதினாயா அவனே சேர்த்தானா தெரியாது. அப்படித்தான் எனக்கு மோர்மிளகாய் விஷயமும் மாத்திரை விஷயமும் தெரியும். அந்தத் தாள் இன்னும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது. தினமும் சோத்து நேரத்தில் ஒரு வாசிப்பு நடக்கிறது.

உன்னிடம் சொன்னால், "இன்றைக்கும் உங்களை வைத்து விளையாடினார்களா" என்று கேட்பாய். அதற்குப் பயந்து, படித்ததுபோல எழுதினேன். பெண்டாட்டி எழுதியதற்கெல்லாம் சரி என்று சொன்னால் எந்த வீட்டில் தப்பு வந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் இருக்கிற எல்லா வார்த்தையையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைப் போய் எழுதியிருக்கிறேன்.

நான் சரி என்று சொல்லவில்லை. எதற்கும் சொல்லவில்லை. நீ கோயம்புத்தூர் போவது எனக்கு நேற்றுச் சாயங்காலம் உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். என்ன கேட்டாய் லெட்சுமி? இன்னொரு தடவை எழுது. பாண்டிசெல்வியிடம் கொடு, கம்பெனிக்கு அனுப்பாதே. போனையாவது எடு. ஒரு வார்த்தை சிரிப்பாகப் பேச மாட்டேன்.

காசிராஜன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25-1-2025

அத்தானுக்கு,

பிளாஸ்திரியைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது. பாண்டிசெல்வி பக்கத்திலேயே நின்றாள். "என்ன மதினி, கடிதமா கட்டா?" என்றாள். அவளைப் போகச் சொல்லிவிட்டுத்தான் படித்தேன்.

போனை எடுக்க மாட்டேன்.

தொட்டியில் வெளுத்துப்போனதில் இருந்தது ஒரே கேள்விதான். அருவியில் என் செருப்பைத் தூக்கிப் போட்டு விளையாடியபோது நீங்கள் ஏன் சிரித்தீர்கள்? பதில் எழுதினால் வீட்டுக்கு வருகிறேன், இல்லையென்றால் கோயம்புத்தூர் போகிறேன், அதற்குச் சரி என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன்.

இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. ஓடினேன், துழாவினேன், தடவிப் பார்த்தேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான் உங்களோடு குடித்தனம் பண்ணியவள், எதை விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கடிதம் பறந்தபோதும் சிரித்தீர்களா?

வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். அட்டையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் நான் போக மாட்டேன் என்று நினைக்காதீர்கள். என் பொருளை இன்னொருத்தர் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்க வைப்பது எனக்கு இனி ஆகாது.

செல்வலட்சுமி


ராஜபாளையம்
27-1-2025, சாயங்காலம்

லெட்சுமிக்கு,

அட்டையும் ஆதாரும் சேலைகளும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. நான் வைத்துக்கொண்டிருந்ததும் அவர்கள் செய்ததும் ஒன்றுதான் என்று நீ எழுதிய பிறகுதான் உறைத்தது.

சிரித்தேன்.

கடிதம் பறந்தபோது, ஓடிக்கொண்டே சிரித்தேன். கம்பை விட்டுத் துழாவும்போதுகூட, "என் பெண்டாட்டி கோபம் பூராவும் வெளுத்துட்டுதுலே" என்று சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலோடுதான் எழுத்தில்லாத தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

ஏன் என்று கேட்டாய். சனிக்கிழமையிலிருந்து எழுதி எழுதிக் கிழிக்கிறேன். எழுதியதெல்லாம் நன்றாக இருக்கிறது, நன்றாக இருப்பதால்தான் கிழிக்கிறேன். உண்மை நன்றாக இல்லை.

பால்சாமி என்று ஒருத்தர் எங்களோடு வேலை பார்த்தார், பதினைந்து வருசம் ஆகிறது. உனக்கு அவரைத் தெரியாது. கனத்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார், அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. அதைக் கழற்றி எடுத்துப் பந்தாடுகிற வழக்கத்தைக் கம்பெனியில் ஆரம்பித்து வைத்தவன் நான்தான். ராக்கப்பன் அப்போது புதிதாகச் சேர்ந்த பையன். என்னைப் பார்த்துப் படித்தான். பால்சாமி வேலையை விட்டு ஆலங்குளம் பக்கம் போய்விட்டார். அவர் போய்ச் சேர்ந்த அதே வாரத்தில் என் தூக்குவாளி மூடியைக் காணவில்லை, அடுத்து என்னை வைத்து ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு எப்போதும் யாராவது ஒருத்தன் வேண்டும் லெட்சுமி. அன்றைக்கே தெரிந்துகொண்டேன், சிரிக்கிறவனை அவர்கள் செத்த நேரத்தில் விட்டுவிடுவார்கள். சிரிக்காதவனை விடவே மாட்டார்கள்.

அருவியில் ராக்கப்பன் குனிந்து எதையோ எடுத்தபோது என் செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அவன் எடுத்தது உன் செருப்பு என்று தெரிந்ததும் நிமிர்ந்தேன். அப்பாடா, இன்றைக்கு நான் இல்லை. அதுதான் எனக்குள் முதலில் வந்தது. அந்த நிம்மதியில்தான் சிரித்தேன். உன் கால் பாறையில் வழுக்குவதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வீரம் ஒன்றும் இல்லை, பெரிதாக எதிர்பார்த்துப் படிக்காதே.

மதியம் ராக்கப்பன் தாளை எடுத்து விரித்தான். நான் போய்க் கையை நீட்டினேன்.

"குடு ராக்கப்பா."

"சிரிங்கண்ணே, தாரேன்."

"சிரிக்க மாட்டேன்."

"ஏலே, அண்ணாச்சிக்கு மேலுக்குச் சொகமில்லடா" என்று சிவபாண்டிக்கு வீசினான். நான் ஓடவில்லை. கையை நீட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றேன். தாள் என் தலைக்கு மேலே நாலைந்து தடவை போய் வந்தது. யாரும் ஓடாவிட்டால் அந்த விளையாட்டில் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். கை வலித்தது. கடைசியில் ராக்கப்பன் தாளை வாங்கி என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு, தானே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டான். கை தவறி இல்லை. நான் பார்க்க வேண்டும் என்று போட்டான்.

நான் அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயசில், சோத்துக்கைகளுக்கு நடுவில், சத்தமாக. சிவபாண்டி சிரிக்க ஆரம்பித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். மற்றவர்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அழுதால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதே. நாளையிலிருந்து நான் ரோல் சுற்றுகிற வேலையில் இல்லை, தொட்டி வேலை. ராக்கப்பன் மேனேஜரிடம் போய்ச் சொல்லி மாற்றிவிட்டான். தொட்டிக்கு அவன்தான் மேஸ்திரி, இனி தினமும் அவனுக்குக் கீழே.

இரண்டு தாளும் இப்போது என்னிடம் இருக்கின்றன, இரண்டும் வெள்ளை. அந்த முதல் கடிதத்தில் ஒரு வரிகூட நான் உன் கையெழுத்தில் படிக்கவில்லை.

போகாதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் முடியவில்லை. இதில் எங்காவது 'சரி' என்று இருக்கிறதா என்று மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

காசிராஜன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
28-1-2025

அத்தானுக்கு,

எல்லாம் வந்து சேர்ந்தது. கேட்காத ஊதாச் சேலையையும் வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை மத்தியானம் படித்தேன். அண்ணி "என்ன எழுதியிருக்காவ?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொன்னேன். இந்தத் தடவை அவளுக்குக் காட்டவில்லை.

நீங்கள் மறைத்ததைச் சொல்லிவிட்டீர்கள். நான் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். முதல் கடிதத்தில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

அருவியில் முதலில் சிரித்தது நான். ராக்கப்பன் "செருப்பா செங்கலா" என்றதும், "நல்லாப் பாருங்கண்ணே, வீடு கட்டலாம்" என்று நான்தான் சொன்னேன். சொல்லிச் சிரித்தேன். சிரித்தால் தந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நீங்கள் எனக்குப் பிறகுதான் சிரித்தீர்கள். இத்தனை நாளும் நான் வீடு கட்டலாம் என்று சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதையும் சேர்த்து உங்கள் தலையில் போட்டு, ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். இந்தச் சிரிப்பை உங்களோடு இருந்துதான் பழகினேன். ஆனாலும் சிரித்த வாய் என்னுடையது.

பதில் எழுதினால் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீங்கள் எழுதிவிட்டீர்கள். நான் வரவில்லை. வந்தால் இரண்டு பேரும் ஒரு வாரத்தில் பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிடுவோம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்தானே. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. கொஞ்ச நாள் சிரிக்காமல் இருந்து பார்க்கிறேன். நீங்கள் தொட்டிப் பக்கத்தில் அதையே செய்யுங்கள். உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் போய் எழுதுகிறேன். எழுதினால் வீட்டுக்குத்தான் எழுதுவேன். ஆட்டை மாடியில் கட்டச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ். அண்ணன் வெளியூர் போகிறார். ஆறரைக்கு இந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். பெட்டி கனமாக இருக்கிறது.

செல்வலட்சுமி